பொதிகள் எங்கே தொலைகின்றன? வீட்டு இணையத்தில் பக்கெட் லொஸ்ஸைத் தேடிப் பிடிப்பது

ஞாயிறு இரவு எட்டரை. அம்மம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுடன் கதைக்கிறார். மாமாவின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கிறது. குரல் மட்டும் "சாப்… யளோ… மரு… போட்…" என்று துண்டுதுண்டாக வருகிறது. "கேக்கேல்லத் தம்பி, திருப்பிச் சொல்லு" என்று அம்மம்மா நாலு தரம் சொல்லிவிட்டு, கடைசியில் போனை என்னிடம் நீட்டுகிறார். நான் உடனே ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்க்கிறேன். 40 மெகாபிட் காட்டுகிறது. யூடியூப் தடங்கலில்லாமல் ஓடுகிறது. பிறகு ஏன் ஒரு கோல் ஒழுங்காகப் போகவில்லை?

கொக்குவிலில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடப் பல மாதம் எடுத்தது. காரணம், நான் தவறான பொருளை அளந்துகொண்டிருந்தேன். வேகத்தை அளந்தேன். தொலைவதை அளக்கவில்லை.

தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். கிணற்றடியில் மெஷின் நல்லாகத்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆனால் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. அப்போது யாரும் மெஷினை மாற்றுவதில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கிணற்றடியில் தொடங்கி வாய்க்கால் ஓரமாக நடப்பார்கள். எங்கோ ஓர் எலிப் பொந்து இருக்கும், அல்லது வரம்பு கரைந்து தண்ணீர் பக்கத்துக்கு வழியும். இணையத்திலும் செய்ய வேண்டியது அந்த நடைதான். வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

முதலில் பொதி என்றால் என்ன என்று பார்ப்போம். நாம் அனுப்பும் எதுவும், அது படமோ குரலோ, முழுசாக ஒரே தடவையில் போவதில்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் போக வேண்டிய முகவரி எழுதப்பட்டுப் போகிறது. அந்தத் துண்டுதான் பக்கெட், தமிழில் பொதி. பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஒரு பொதி அதிகபட்சம் 1500 பைட் அளவு. ஒரு சாதாரணப் புகைப்படம்கூட ஆயிரக்கணக்கான பொதிகளாகப் போகும். வழியில் சில போய்ச் சேராமல் விட்டால் அதுதான் பக்கெட் லொஸ், பொதி இழப்பு.

தொலைந்த பொதிக்கு என்ன நடக்கும் என்பது நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது. இணையப் பக்கமோ யூடியூப்போ என்றால், வராத பொதியை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யூடியூப் பல விநாடிகளுக்கு முன்னதாகவே காட்சியை இறக்கி வைத்துக்கொள்வதால், இடையில் ஒன்று தொலைந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. கோலில் அப்படிச் செய்ய முடியாது. குரலைப் பொதுவாக 20 மில்லிவிநாடிக்கு ஒரு பொதியாக அனுப்புவார்கள், அதாவது விநாடிக்கு 50. ஒன்று தொலைந்து, அதை ரொறன்ரோவிடம் மறுபடி கேட்டு வாங்குவதற்குள் மாமா அடுத்த சொல்லுக்குப் போயிருப்பார். பிந்தி வரும் பொதியால் பயனில்லை. 100-க்கு 2 தொலைந்தாலே விநாடிக்கு ஓர் ஓட்டை. ஒன்றிரண்டு ஓட்டையை மென்பொருள் ஊகித்து நிரப்பிவிடும். அடுத்தடுத்து நாலைந்து விழுந்தால் சொல்லே போய்விடும்.

ஸ்பீட் டெஸ்ட் ஏன் இதைக் காட்டவில்லை? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீட் டெஸ்ட் பொதுவாகப் பக்கத்தில் உள்ள சேவரை, நமக்கென்றால் பெரும்பாலும் கொழும்பில் ஒன்றை, தெரிவு செய்கிறது. அங்கே போய்வர ஒரு பொதிக்குச் சில மில்லிவிநாடிதான். தொலைந்ததை உடனேயே மறுபடி வாங்கிவிடலாம். ரொறன்ரோ போய்வரக் கிட்டத்தட்ட கால் விநாடி எடுக்கும். ஒவ்வொரு இழப்பையும் கண்டுபிடிக்கவே கால் விநாடி, அதன்பின் அனுப்புபவர் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மெதுவாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். 1997-இல் மதிஸ் என்ற ஆய்வாளரும் இன்னும் மூவரும் இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்கள்: போய்வரும் நேரம் கூடினால் அதே விகிதத்தில் வேகம் குறையும், இழப்பு நாலு மடங்கானால் வேகம் பாதியாகும். அதன்படி 100-க்கு 1 இழப்பும் கால் விநாடித் தூரமும் இருந்தால், பழைய வகை டிசிபியில் (தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும் அந்த முறையின் பெயர்தான் டிசிபி) ஓர் இணைப்புக்குக் கிடைப்பது விநாடிக்கு 0.6 மெகாபிட் அளவுதான். நீங்கள் 40-க்குக் காசு கட்டுகிறீர்களா 100-க்குக் கட்டுகிறீர்களா என்பது அந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை. இன்றைய புதிய முறைகள் இதைவிட நன்றாகச் சமாளிக்கும். ஆனாலும் தூரமும் இழப்பும் சேர்ந்தால் அடி பலமாக விழும் என்பது மாறவில்லை. பிள்ளைகளும் சகோதரங்களும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, எப்படி அளப்பது?

பிங் என்று ஒரு சிறு கருவி விண்டோஸ், மக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. போனுக்கும் இலவசச் செயலிகள் உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது. நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சத்தத்திலிருந்து பெயரை எடுத்தார். வேலையும் அதுதான்: ஒரு சிறு பொதியை அனுப்பும், பதில் வருகிறதா, வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும்.

விண்டோஸில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தேடுபெட்டியில் அடித்தால் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் பி, ஐ, என், ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் அதோடு ஒட்டி என் என்ற சிறிய எழுத்தும், பிறகு இடைவெளி, 300, இடைவெளி, கடைசியாக முகவரி. வெறும் பிங் மட்டும் கொடுத்தால் விண்டோஸ் நாலே நாலு பொதிதான் அனுப்பும். நாலில் எதுவும் தொலையவில்லை என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. 100-க்கு 2 என்ற இழப்பு நாலில் பெரும்பாலும் கண்ணில் படாது. 300 அனுப்பினால் ஐந்து நிமிடம் ஆகும். முடிவில் எத்தனை அனுப்பியது, எத்தனை திரும்பியது, எத்தனை தொலைந்தது என்று ஒரு வரி வரும். அதை நாளும் நேரமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இந்தக் கொப்பி பிறகு மிகவும் உதவும்.

முகவரி மூன்று வேண்டும். முதலாவது உங்கள் ரவுட்டர். அதன் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் லேபலில் 192.168.1.1 போல ஓர் எண் இருக்கும். இரண்டாவது, இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் பக்கம் உள்ள முதல் நிலையம். அதற்கு டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி என்ற கட்டளையோடு 8.8.8.8 கொடுத்தால் பொதி போகும் வழி வரிசையாக வரும். முதல் வரி உங்கள் ரவுட்டர், இரண்டாவது வரியில் பெரும்பாலும் நிறுவனத்தின் நிலையம். மூன்றாவது வெளியுலகம்: கூகிளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1. வாய்க்காலில் மூன்று இடத்தில் கையை வைத்துப் பார்ப்பது போலத்தான். ரவுட்டர் வரைக்குமே தொலைகிறதென்றால் ஓட்டை வீட்டுக்குள். அங்கே சுத்தம், இரண்டாவதில் தொலைகிறதென்றால் வெளிக்கம்பி, ஃபைபர், கோபுரம். இரண்டும் சுத்தம், மூன்றாவது மட்டும் மோசம் என்றால் அதற்கு அப்பால்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். வழியில் உள்ள சில நிலையங்கள் பிங்குக்குப் பதில் சொல்லவே சொல்லாது, அல்லது எப்போதாவதுதான் சொல்லும். மற்றவர்களின் பொதியைக் கடத்திவிடுவதுதான் அவற்றின் முதல் வேலை, பிங்குக்குப் பதில் சொல்வது அதற்குப் பிறகு. ஆகவே நாலாவது நிலையத்தில் 60 வீதம் இழப்பு என்று காட்டி, கடைசி இடத்தில் பூச்சியம் என்றால் அங்கே ஒரு பிழையும் இல்லை. இழப்பு ஓரிடத்தில் தொடங்கி அதன்பின் கடைசிவரை தொடர்ந்தால்தான் அது உண்மையான ஓட்டை.

எங்கள் வீட்டில் முதல் ஓட்டை வீட்டுக்குள்ளேயே இருந்தது. விறாந்தையில் அம்மம்மாவின் கதிரையில் இருந்துகொண்டு வைஃபையில் ரவுட்டரை மட்டும் பிங் செய்தேன். 300-இல் 19 தொலைந்தது. பொதி இன்னும் படலையைக்கூடத் தாண்டவில்லை! பிறகு லப்டொப்பை லேன் கேபிளால் ரவுட்டரோடு நேரே இணைத்துப் பார்த்தேன். 300-இல் பூச்சியம். கேபிளில் சுத்தம், காற்றில் மோசம்.

அந்த 19-க்கு முன்னால் வந்த வரிகளையும் பார்க்க வேண்டும். 3 மில்லிவிநாடி, 2, 4, 210, 3, 480, பிறகு பதில் இல்லை. வைஃபை ஒரு பொதி போய்ச் சேராவிட்டால் தானாகவே சில தடவை மறுபடி அனுப்பும். எனவே காற்றில் பிரச்சினை தொடங்கும்போது முதலில் தெரிவது இழப்பு அல்ல, இப்படித் தாறுமாறாகத் துள்ளும் நேரம். ரவுட்டர் வரைக்கும் 200, 400 என்று துள்ளினால் வைஃபை மூச்சுத் திணறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காரணம் எங்கள் வீடுதான். பழைய கல்வீடு, தடித்த சுண்ணாம்புச் சுவர். ரவுட்டரோ ஹோலில், டிவிக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரிக்குள் வடிவாக மறைத்து வைக்கப்பட்டிருந்தது. விறாந்தைக்கு வர இரண்டு சுவர் தாண்ட வேண்டும். அதை எடுத்து ஹோலுக்கும் விறாந்தைக்கும் இடையிலுள்ள கதவு நிலைக்கு மேலே வைத்தோம். அதே கதிரை, அதே 300: தொலைந்தது 1. செலவு ஒரு நீட்டுவயர் மட்டும்.

வைஃபை பற்றி இன்னும் கொஞ்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதில்தான் நெருக்குகின்றன. ஒன்றோடொன்று முட்டாத சனல்கள் அதில் 1, 6, 11 மூன்றுதான். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றி மாணவர்கள் அறை எடுத்திருக்கும் ஒழுங்கைகளில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபது பெயர் வரும். அந்த இருபதும் மூன்று சனலைப் பங்குபோட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவர் வந்தால் சோர்ந்துவிடும். ஆகவே ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தூர அறைக்கு 2.4. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-இன் பக்கம்தான் வேலை செய்கிறது. குசினிக்குப் பக்கத்தில் ரவுட்டரை வைக்காதீர்கள்.

கேபிளில் இணைத்தும் ரவுட்டர் வரைக்கும் தொலைந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். கதவிடுக்கில் நசிந்தது, எலி கடித்தது, கடற்காற்றில் முனையின் பித்தளை நிறம் பச்சை பிடித்தது எல்லாம் நடக்கும். ஓர் அடையாளம்: 1000 மெகாபிட்டுக்கு கேபிளுக்குள் இருக்கும் எட்டு இழையும் வேண்டும், 100-க்கு நாலு போதும். புதுக் கணினியும் புது ரவுட்டரும் இருந்தும் இணைப்பு 100 என்று காட்டினால் உள்ளே ஓர் இழை அறுந்திருக்க இடமுண்டு. இடி மின்னலுக்குப் பிறகு ரவுட்டரில் ஒரு துளை மட்டும் அரைகுறையாகப் பழுதாவதும் உண்டு. அடுத்த துளையில் செருகிப் பாருங்கள்.

ரவுட்டரை இடம் மாற்றிய பிறகு அம்மம்மாவின் கோல் கிழமை நாட்களில் நன்றாகப் போனது. ஆனால் சில இரவுகளில் மட்டும் மறுபடி அதே உறைந்த முகம். இது இரண்டாவது வகை இழப்பு, பொந்து அல்ல, வழிதல். வாய்க்கால் கொள்வதைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டால் வரம்பு மேலால் வழியும் அல்லவா, அதுதான். ரவுட்டர் தன்னால் அனுப்ப முடியாத பொதிகளை வரிசையில் நிறுத்தி வைக்கும். வரிசை நிரம்பினால் அடுத்து வருவதைக் கீழே போடும். இது கோளாறே இல்லை, இணையம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பொதி விழுவதைப் பார்த்துத்தான் அனுப்புபவர் மெதுவாகிறார்.

எங்கள் வீட்டில் வழியவிட்டது தங்கச்சியின் போன். நல்லூர்த் திருவிழாக் காலம். பகல் முழுக்க எடுத்த படங்களையும் வீடியோக்களையும், இரவில் வைஃபை கிடைத்ததும் போன் தானாகவே கூகிளுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. இறக்கும் வேகத்தைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். ஏற்றும் வேகம் பல இணைப்புகளில் அதைவிட மிகக் குறைவு. ஒரு பைட் எட்டு பிட், ஆகவே 4 மெகாபைட் படம் என்றால் 32 மெகாபிட். ஏற்றும் வேகம் விநாடிக்கு 4 மெகாபிட் என்றால் அந்த ஒரு படத்துக்கே எட்டு விநாடி வழி முழுக்க அதற்குத்தான். அந்த நேரம் அம்மம்மாவின் குரல் வரிசையின் கடைசியில் நிற்கும், அல்லது விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: வீட்டிலுள்ள எல்லாப் போன், டிவி, கமரா எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து கழற்றிவிட்டு, ஒரு கணினியால் மட்டும் 8.8.8.8-ஐ அளப்பது. அப்போது சுத்தம், எல்லாரும் சேர்ந்தால் மோசம் என்றால் வழிதல்தான். படம் ஏற்றுவதை நடுச்சாமத்துக்கு மாற்றலாம். ரவுட்டரில் கியூஓஎஸ் என்ற, எந்தப் பொதிக்கு முன்னுரிமை என்று பார்த்து அனுப்பும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி, ஏற்றும் வேகத்தை உண்மையான வேகத்தில் 90 வீதமாகக் கட்டுப்படுத்தலாம். வரிசை நிரம்பாது, கோலுக்கு எப்போதும் இடம் இருக்கும்.

இனி வீட்டுக்கு வெளியே. உங்களுக்கு ஃபைபர் இணைப்பு என்றால் நிறுவனம் பொருத்திய பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை, அது இழப்பு அல்ல, முழு அறுவை. அதற்கும் முன்னதாக ஒளி மங்கும் கட்டம் ஒன்று உண்டு. இணைப்பு இருக்கும், ஆனால் பொதி சிந்தும். பெட்டியின் எண் முகவரியை உலாவியில் அடித்தால் திறக்கும் அமைப்புப் பக்கத்தில் ஒளிவலு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். பொதுவாக -8-க்கும் -27-க்கும் இடையில் இருக்க வேண்டும். கழித்தல் குறி குழப்பும்: -20 நல்லது, -28 மோசம். ஒவ்வொரு 3 குறையும்போதும் ஒளி பாதியாகிறது.

எங்கள் மூன்றாவது ஓட்டை இதுதான். கார்த்திகை மழைக்குப் பிறகு, வைஃபை நல்லம், ஆளில்லாத விடியற்காலையிலும் இரண்டாவது நிலையத்துக்கு 300-இல் 12 போகிறது. பெட்டியில் -28. முதல் தடவை கோல் எடுத்தபோது "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணுங்கோ" என்றார்கள். இரண்டாம் தடவை கொப்பியைப் பார்த்து வாசித்தேன்: இந்தத் தேதி, விடிய ஐந்து மணி, கேபிளில் இணைத்த ஒரே கணினி, ரவுட்டருக்குப் பூச்சியம், உங்கள் முதல் நிலையத்துக்கு 12, ஒளி -28. அடுத்த நாளே ஆள் வந்தார். ஜன்னல் நிலைக்கும் கம்பிக்கும் இடையில் ஃபைபர் கூராக மடிந்து நசிந்திருந்தது. ஃபைபர் கண்ணாடி இழை, மடித்தால் ஒளி வளைவில் வெளியே சிந்திவிடும். ஆகவே ஆணியில் இறுக்கிச் சுற்றாதீர்கள், வளையம் குறைந்தது தேநீர்க் கோப்பையின் வாயளவு இருக்கட்டும். அதன் பச்சை முனையை நீங்களே கழற்றித் துடைக்கவும் வேண்டாம். அதற்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைத் தாக்கும்.

4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு நடை கொஞ்சம் வேறு. அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள், கோபுரத்திலிருந்து வரும் சிக்னலின் வலு அது. -80 நல்லது, -110-க்குக் கீழே போனால் கஷ்டம். தகரக் கூரையும் கொங்கிறீட் தட்டும் அலையை நன்றாக மறைக்கும், கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மழை பெய்தால் சிக்னல் கரைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். 4ஜி பயன்படுத்தும் அலைகளை மழைத்துளி பெரிதாகத் தடுக்காது. மழையன்று மோசமானால் இணைப்பு முனைகளில் தண்ணீர், கரண்ட் ஏற்ற இறக்கம், அல்லது எல்லாரும் வீட்டுக்குள் இருந்து ஒரே கோபுரத்தை நெருக்குவது என்று தேடுங்கள்.

நெருக்கடியா பழுதா என்று பிரித்தறிய நேரம்தான் உதவும். இரவு எட்டிலிருந்து பத்து வரை ஒரு தடவை, விடிய ஐந்துக்கு ஒரு தடவை, மூன்று நாள். வீட்டின் மற்றக் கருவிகளைக் கழற்றிவிட்டு, கேபிளில் அளந்தும் இரவில் மட்டும் தொலைந்தால் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் கொள்ளளவு போதவில்லை. ரவுட்டரை எத்தனை தரம் மாற்றினாலும் தீராது. இரண்டு நேரமும் தொலைந்தால் கம்பி, முனை, ஒளி, கருவி. முறைப்பாட்டிலும் அப்படியே எழுதுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருக்கிறது, பாவனையாளர் முறைப்பாட்டை அங்கே கொடுக்கலாம். அங்கும் அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும்.

திருத்தியவர் போனதும் நான் உடனே அளக்கவில்லை. இரவு எட்டரை வரை காத்திருந்து, அதே விறாந்தையில், எல்லாப் போனும் இணைந்திருக்க, அதே 300. ஒளி -21. ரவுட்டருக்கு 1, நிறுவனத்தின் நிலையத்துக்கு 1, 8.8.8.8-க்கு 1. எழுதி வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அம்மம்மா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்ப எடுக்கலாமோ?" என்று கேட்டார்.